காவல் மீன்

“அப்பா, இனிமே அந்த முட்டையெல்லாம் யாருப்பா பாத்துக்குவாங்க?”

ஆர்விட், அப்போதுதான் பிடித்த மீனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, ஆறு வயது மகளை இழுத்துக்கொண்டு பாறைகளில் வேகமாக ஏறினான். அது பிப்ரவரி மாதம். தடைக்காலம். அவனுக்கு வேலை போயிருந்தது. வீட்டில் சமைக்க ஒன்றுமில்லை.

லிங்காட் என்ற இந்தக் கடல்மீனில், முட்டையிட்டதும் தாய் போய்விடும். தகப்பன்தான் வாரக்கணக்கில் பாறையிடுக்கை விட்டு நகராமல் காவல் இருக்கும். கிட்டே எது வந்தாலும் கடிக்கும். அதனால் தூண்டிலில் சுலபமாக மாட்டும்.

தடை வைத்ததே அதனால்தான்.

மூன்று நாள் கழித்து அவன் தனியாகப் போய்ப் பார்த்தான். இடுக்கில் நண்டுகள் மட்டும் இருந்தன.

இருபத்துமூன்று வருடங்கள் ஆகிவிட்டன.

இன்று தடை நீங்கிய முதல் நாள். வெஸ்ட்போர்ட் துறையிலிருந்து விடியும்போதே படகை எடுத்திருந்தார் ஆர்விட். மாலையில் மகள் சிக்னே புதுக்கணவனோடு சாப்பிட வருகிறாள். மருமகனிடம் போன வாரமே போனில் வீறாப்பாகச் சொல்லிவிட்டார்: நான் பிடித்த மீன்தான் விருந்து.

மதியம் வரை ஒன்றும் கடிக்கவில்லை.

திரும்பும் வழியில், அலைத்தடுப்புப் பாறைகளின் ஓரம் கடைசியாக ஒருமுறை தூண்டிலைப் போட்டார். விழுந்ததும் இழுத்தது.

லிங்காட்தான். நல்ல நீளம். சட்டப்படி எடுத்துப்போகலாம்.

ஆனால் மீன் மெலிந்திருந்தது. துடுப்புகள் கிழிந்திருந்தன. உடம்பெல்லாம் பழைய கடிக்காயம்.

குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். இரண்டு பாறைகளுக்கு நடுவே நுரைக்கட்டி போல வெள்ளையாக முட்டைகள். தடை முடிந்துவிட்டது, இந்த முட்டைகள் இன்னும் பொரியவில்லை.

சுற்றிலும் ஒரு படகும் இல்லை.

முள்ளை மெல்லக் கழற்றி, மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டார். செவுள் அசையும்வரை காத்திருந்தார்.

“போப்பா. புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு.”

அது நேராக அந்த இடுக்குக்குத்தான் போனது. பார்த்த பிறகே படகைக் கிளப்பினார்.

துறையில், வந்திறங்கும் மீன்களைக் கணக்கெடுக்கும் பெண் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தாள். காலி ஐஸ்பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னப்பா, மருமகனுக்கு வெறும் ஐஸ்கட்டி விருந்தா?”

“உருளைக்கிழங்கு சூப்பு. திம்பான், விடு.”

“சரி, கணக்குச் சொல்லுங்க. திருப்பி விட்டது ஏதாவது?”

“ஒண்ணு.”

அந்தப் பெண், அவர் மகள் சிக்னேதான், குனிந்து, ‘ஒன்று’ என்று எழுதிக்கொண்டு அடுத்த படகை நோக்கி நடந்தாள்.

சின்ன வயதில் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு நினைவில்லை.