லட்டு டப்பாவும் ரிலேவும்

பாளையங்கோட்டை சங்கரபாண்டிக்கு நாக்கு ஊறியது. சமையலறைக்குள் லட்டு டப்பா, அவர் உடம்புக்குள் சர்க்கரை, இரண்டுக்கும் நடுவே வாசலில் ரிலே.

துணை மின்நிலையத்தில் அவர் காலமெல்லாம் கட்டிக் காத்த அதே ரகக் காவல் கருவிதான். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இல்லாவிட்டால் கண்ணிமைப்பதற்குள் எல்லாவற்றையும் அணைத்துவிடும். அங்கே மின்சாரத்தை அளந்தது, இப்போது வீட்டுக்கு வீடு சமையலறை வாசலில் ஆளின் எடையை அளக்கிறது. லட்டைத் தின்றுவிட்டுக் கனம் கூடி வெளியே வந்தால் வீடே இருண்டுவிடும். அப்புறம் ஒரு மாதம் பாகற்காய்ச் சாறுதான் என்று மனைவி கோமதி சொல்லி வைத்திருந்தாள்.

"எங்கிட்டயேவா?" என்று ரிலேவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

உள்ளே போனார். நாலு லட்டை விழுங்கினார். அதே எடைக்குச் சட்டைப்பையில் கனத்ததை எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டு, பூனைபோல வெளியே வந்தார். ரிலே மூச்சு விடவில்லை. விளக்குகள் ஜோராக எரிந்தன.

மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த கோமதி, மாத்திரை போட்டாரா என்று கேட்க அவரைப் போனில் கூப்பிட்டாள்.

லட்டு டப்பா பாட ஆரம்பித்தது.

கோமதி நிதானமாக இறங்கி வந்தாள். "மெயின் ரிலே கோட்டை விட்டா பேக்கப் ரிலே பாத்துக்கிடும்னு நீங்கதான சொல்லுவிய?" என்றபடி பையை நீட்டினாள். "பாகற்காய் பிஞ்சாப் பாத்து வாங்கிட்டு வாங்க."