மூன்றாம் மாடி முதலாளி

“குடைக்காரி வந்துட்டா. ஒரு கைக்குட்டைக்கு மேல வாங்க மாட்டா. சீக்கிரம் அனுப்பு,” என்று இண்டர்காமில் உத்தரவு போட்டார் பரமசிவம்.

கீழே கடையிலிருந்த மனைவி ரத்தினம்மா, “சரிங்க” என்று சொல்லி உடனே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில், டிவியில் தெரிந்த அந்தக் குடை பிடித்து வரும் வாடிக்கைக்காரி, பத்துச் சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரே ஒரு கைக்குட்டையோடு நடையைக் கட்டினாள். பரமசிவத்துக்கு அப்படியொரு திருப்தி. தாம் வாய் திறக்காவிட்டால் கீழே ஒன்றும் நடக்காது என்பது அவருடைய முடிவான கருத்து.

கேம்பல் லேனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் அவர். மேல்தட்டிலிருந்து சேலைக்கட்டை எப்படி எடுப்பது என்று கடைப்பெண்களுக்குச் சொல்லித்தரப் போய், ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இப்போது கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு ஆட்சி நடத்துகிறார்.

ஆட்சிக்கு வசதியாக ஒரு காமிரா வந்தது. அது சேலைப் பகுதியையும் வாசலையும் பார்த்தபடி ரத்தினம்மாவின் தலைக்கு மேலே இருந்தது. அவளுடைய மேசைக்கு அடியில் ஒரு ரெக்கார்டர், காமிரா காட்டுவதை டேப்பில் பிடித்துக்கொண்டே வயர் வழியாக மாடிக்கு அனுப்பும். ரத்தினம்மா மட்டும் படத்தில் விழமாட்டாள். அவளைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று பரமசிவமும் விட்டுவிட்டார்.

முதல் இரண்டு வாரம் இண்டர்காம் ஓயவே இல்லை. சிரிக்காதே, சாயாதே, தண்ணீர் குடிக்க இவ்வளவு நேரமா என்று ஒரே அதிகாரம். பிடோக்கிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த ஓர் அம்மாளின் பையைச் சோதிக்கச் சொன்னார். அந்த அம்மாள் குடும்பத்தோடு எதிர்க்கடைக்குப் போனார். மறுநாள் இரண்டு கடைப்பெண்களும் அதே எதிர்க்கடைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மிஞ்சியவள் ஈசூனிலிருந்து வரும் அருள்ஜோதி ஒருத்திதான். இவளும் போய்விட்டால் இந்தத் தீபாவளியோடு கடையைச் சாத்திவிட வேண்டியதுதான் என்று ரத்தினம்மா அழுதாள். தீபாவளி வியாபாரத்தை வைத்துத்தான் அந்தக் கடை வருஷம் முழுக்க மூச்சு விடுகிறது.

“போறவ போகட்டும், நன்றி கெட்டதுங்க,” என்றார் பரமசிவம். “என் கண்ணு கடையில இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது.”

அவர் சொன்னதுபோலவே பத்து நாளாகக் கடை ஒழுங்குக்கு வந்துவிட்டது. அருள்ஜோதி சிரிப்பதில்லை, சாய்வதில்லை. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்ததுபோல விறைத்து நிற்கிறாள். அவளைத் திட்ட ஒன்றும் அகப்படாததால், பரமசிவம் வாடிக்கையாளர்களைத் திட்ட ஆரம்பித்தார். முக்கியமாக அந்தக் குடைக்காரியை. வேலைவெட்டி இல்லாத ஜென்மம், காலையில் ஒரு தரம் வருகிறாள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் இன்னொரு தரம் வருகிறாள் என்று கரித்துக்கொட்டினார்.

குறை ஒன்றே ஒன்றுதான். தினமும் மத்தியானம் படம் போய், டிவியில் வெறும் புள்ளியாகப் பறக்கும். அதை நேரிலேயே பார்க்கட்டும் என்று, காமிரா மாட்டிக்கொடுத்த அப்துல் அலீமை இன்றைக்கு அந்த நேரத்துக்கு வரச்சொல்லியிருந்தார்.

அலீம் வந்து நிற்கும்போதே படம் போயிற்று. இதுதான் நீ மாட்டின லட்சணமா, ரேடியோ ரிப்பேர் செய்யக்கூட உனக்குத் தகுதி இல்லை என்று பரமசிவம் பிடித்துக்கொண்டார். அலீம் டிவிக்குப் பின்னால் குனிந்து, வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

“வயர்ல ஒண்ணும் இல்ல லா, முதலாளி. கீழ மெஷினைத்தான் பார்க்கணும்.”

அவர் இறங்கிப் போனதும் பரமசிவம் மறுபடியும் இண்டர்காமை எடுத்தார். அந்த ஆள் பக்கத்திலேயே நின்று என்ன செய்கிறான் என்று பார், உனக்கு ஒரு மண்ணும் புரியாது, ஆனாலும் நில் என்று மனைவிக்குச் சொன்னார். “சரிங்க, இருங்க,” என்று ரத்தினம்மா ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

பரமசிவம் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கீழே ஒரே இரைச்சலாக இருந்தது. பெண்கள் விலை பேசுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது, யாரோ இன்னும் இரண்டு சேலை வேண்டும் என்கிறார்கள். அத்தனைக்கும் நடுவே அருள்ஜோதி வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. படம் போனதும் பல்லைக் காட்டுகிறாளா, வரட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று பரமசிவம் டிவியை முறைத்தார்.

படம் வந்தது. கடையில் ஈ காக்கை இல்லை. அருள்ஜோதி வாயை மூடிக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தாள். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு குடைக்காரி உள்ளே நுழைந்தாள்.

ரிசீவரில் மட்டும் அருள்ஜோதி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் ரத்தினம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அன்னிக்குப் பிடிச்சுப் பத்து நாளா போடுற டேப்பு மத்தியானமே முடிஞ்சிடுது தம்பி, இன்னும் நீளமா ஒண்ணு கிடைக்குமா?”