வளையல் சத்தம்

வளைகாப்பு அன்று சுடர்க்கொடியின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்களை ஏற்றிவிட்டார்கள். அவை உரசும்போதெல்லாம் பல்லுக்குள் ஊசி இறங்குவது போலிருந்தது. கூடத்தை நிறைத்திருந்த பெண்கள் அவள் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு, இவள் ஏன் சிரிக்கவே மாட்டேனென்கிறாள் என்று அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். சொல்லிவைத்தாற்போல எல்லோரும் ஒரே சிரிப்பைச் சிரிக்கிற இந்தக் கூட்டமா என்னை விசித்திரம் என்கிறது என்று அவளுக்கு இளக்காரமாக இருந்தது. போன வருடம் மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்னபோதும் மாமியார், "பொம்பளையா லட்சணமா இருக்கப் பழகினா எல்லாம் சரியாயிடும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

சுடர்க்கொடி வளையல்களைக் கழற்றித் தாம்பாளத்தில் வைக்கத் தொடங்கினாள்.

மாமியார் பதறிக்கொண்டு வந்தாள். "என்னடி பண்ற? பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாது. உள்ள இருக்கற புள்ளைக்கு இந்தச் சத்தம் கேக்கணும்டி!"

"கேக்கும்ல?" என்றாள் சுடர்க்கொடி, கடைசி வளையலை உருவியபடி. "அதுக்கும் என் காது மாதிரியே இருந்தா?"

பின்வரிசையில் ஒரு பெண் தன் கைவளையல்கள் குலுங்காதபடி மெல்ல இறுகப் பற்றிக்கொண்டாள்.