ஆளில்லாத கட்டடம்

முப்பத்தொரு வீடுகள் காலியாகிவிட்டன. கடைசி வீட்டிலிருந்து பிலோமினா மட்டும் நகரவில்லை. கட்டடத்தை வாங்கி 'ஆளில்லாத கட்டடம்' என்று போர்டு மாட்டிய கம்பெனி, திருடர்களுக்காக என்று மாடிப்படியருகே ஒரு கருவியைக் கொண்டுவந்து நிறுத்தியது. எதிரில் ஆள் வந்தால் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்பும். "அத்துமீறி நுழைந்துள்ளீர்கள், உடனே வெளியேறுங்கள்" என்று அலறும்.

தினமும் காலையில் பால் வாங்கி வரும்போது பிலோமினா அதன் முன்னால் நிற்பாள். முடியை ஒதுக்கிக்கொண்டு, பால் பாக்கெட்டை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிப்பாள். அது கத்தி முடிக்கும்வரை அசையமாட்டாள்.

ஒன்பதாம் நாள் காலையில் கம்பெனிக் காவலாளி தணிகாசலம் வந்து நின்றார்.

"ஏம்மா, திருடன்னு ஓடிப்போய்ப் படத்தப் பாத்தா டெய்லி உன் மூஞ்சிதான் தெரியுது. அதென்ன கையில பாக்கெட்டு?"

"பெருசாக்கிப் பாருங்க. தேதி போட்டிருக்கும்."

"அதுக்கு?"

"இங்க ஆளே இல்லன்னுதான கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க? ஒரு படத்தையும் அழிக்க வேணாம்னு சொல்லுங்க. என் வக்கீல் கேப்பாரு."

தணிகாசலம் கருவியைச் சுவர்ப்பக்கம் திருப்பக் கை நீட்டினார். அது அவரையும் சேர்த்துப் படம் பிடித்து, உடனே வெளியேறச் சொன்னது.

"நல்லா நில்லுங்கண்ணே," என்றாள் பிலோமினா, பாக்கெட்டை இறக்காமல். "சாட்சிக்கும் ஒரு ஆள் வேணும்ல."