அச்செடுத்த கை

"மறுபடியும் வந்துட்டாக. அதே கையப் பிடிச்சுக்கிட்டு அழுகுறாக," என்று காவலாளி காசிமாயன் வந்து சொன்னார்.

ஜெயசுதா சுத்தியலைக் கீழே வைத்தாள். மதியம் லாரி வந்துவிடும். அதற்குள் சிலைகளையெல்லாம் பெட்டிகளில் அடுக்கி ஆணி அடித்தாக வேண்டும்.

"யாருங்கண்ணா அவங்க?"

"முத்தாத்தாள்னு பேரு. மக மிசின்ல மாட்டிச் செத்துப்போச்சுன்னு டீக்கடையில பேசிக்கிறாக. பாவம்."

வீரபாண்டியில் மூடிக் கிடந்த ஒரு சாயப்பட்டறையில்தான் ஜெயசுதாவின் சிற்பக் கண்காட்சி நடந்து முடிந்திருந்தது. சுவரெங்கும் பனியன் கம்பெனிப் பெண்களின் கைகள், வெண்கலத்தில். துணியைத் தள்ளும் கை, நூலை அறுக்கும் கை, ஊசி கோக்கும் கை. பார்க்க வந்தவர்களில் பலரும், "ஏனுங்க, தலையெல்லாம் எங்கீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

"தலை வெச்சா அது ஒருத்தியோட சிலைங்க. கை மட்டும்னா எல்லாரோடதும்," என்பாள் ஜெயசுதா. சாமியும் தலைவரும்தான் சிலையாக வேண்டுமா என்று பரோடாவில் சிற்பம் படித்த காலத்திலேயே மல்லுக்கு நின்றவள் அவள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு கம்பெனியின் சாப்பாட்டு நேரத்தில், வரிசையில் நின்ற பெண்களின் கைகளுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்திருந்தாள். அந்தக் கைகளின் ரேகைகூட அவளுக்கு மனப்பாடம். முகங்கள் நினைவில் இல்லை.

உள்ளே போனாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தப் பெண் மூலையில் நின்றிருந்தாள். மற்ற கைகளெல்லாம் தூசி படிந்து மங்கிக் கிடக்க, அவள் தொட்டுத் தொட்டு அந்த ஒரு கை மட்டும் பளபளத்தது. கிட்டே போனால் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது.

முத்தாத்தாள் வெண்கல விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். ஆட்காட்டி விரலின் நகத்தருகே வந்ததும் நின்றாள்.

"இங்க ஊசி ஏறுச்சுங்க அம்மிணி. நகத்துல பூந்து அந்தப் பக்கமா வந்துருச்சு. அன்னைக்கு அழுத அழுகை இருக்குதே..."

ஜெயசுதா குனிந்து பார்த்தாள். அச்சில் விழுந்திருந்த அந்தச் சின்னத் தழும்பை அவளைத் தவிர யாரும் கவனித்ததில்லை.

காசிமாயன் டீ கொண்டுவந்து நீட்டினார். முத்தாத்தாள் இடது கையால் வாங்கிக்கொண்டாள். அவர் முகம் லேசாகச் சுருங்கியது. துக்கத்தில் இருப்பவள்தானே என்று விட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.

"எப்படிங்க்கா ஆச்சு?"

"ரோலர்ல சிக்கி ஒரு நொடியில போயிருச்சுங்க. ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்சதும் கேட்டனுங்க. பொதச்சாங்களோ, எரிச்சாங்களோ, ஒருத்தரும் சொல்லலீங்க."

"கடைசியா ஒருக்கா பார்க்கக்கூட விடலீங்களா?"

"இல்லீங்க." முத்தாத்தாளின் குரல் தாழ்ந்தது. "ஆனா போன மாதிரியே இல்லீங்க அம்மிணி. ராத்திரியானா பக்கத்துலயே இருக்குது. வலியில துடிக்குதுங்க. எந்திரிச்சுத் தடவிப் பார்த்தா வெறும் பாய்தான் இருக்குது."

வெளியே லாரியின் ஹாரன் கேட்டது. முத்தாத்தாள் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள்.

"எங்கீங்க கொண்டுபோறீங்க?"

"டெல்லிக்குங்க்கா."

"அவ்வளவு தூரமுங்களா?" வெண்கல விரல்களை ஒருமுறை இறுகப் பற்றி, பிறகு விட்டாள். "அங்க குளிருமுங்களே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நடக்கத் தொடங்கியபோது ஜெயசுதாவால் தாங்க முடியவில்லை. ஒன்று குறைந்தாலும் எடுக்க மாட்டோம் என்று டெல்லிக் கலைக்கூடத்தார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அத்தனை வருட உழைப்பு. ஆனாலும் ஸ்பேனரை எடுத்து, அந்தக் கையைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

"அக்கா, நில்லுங்க. உங்க பொண்ணோட கைய நீங்களே கொண்டுபோங்க."

முத்தாத்தாள் திரும்பினாள். அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. ஓடி வந்து இடது கையை நீட்டினாள்.

"எனக்குப் பொண்ணு இல்லீங்களே அம்மிணி."

ஜெயசுதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொடுத்தால் போதும் என்றிருந்தது.

"ரெண்டு கையாலயும் புடிங்க்கா. கனமா இருக்கும்."

"இன்னொரு கை உங்ககிட்டத்தானுங்க இருக்குது."