எண்ணிச் சொல்லலையா?

அன்று விடுப்புப் பிரிவு அறையில் நான்கு பேர் இருந்தோம். மேலாளர், சம்பளப் பிரிவுக்காரர், போன் எடுக்கும் பெண், கோப்பு அடுக்கும் நான்.

ஏழு ஆலைகளிலும் இருந்த பணியாளர் அலுவலகங்களை மூடிவிட்டு, எல்லா வேலையையும் இந்த ஒரே மையத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். யாருக்கு எது வேண்டுமென்றாலும் போன்தான். ஒரு போனுக்கு இரண்டு நிமிடம் என்று விதி.

"ஒரு ஆளுக்கு மட்டும் உனக்கு ஏம்மா ஆறு நிமிஷம்?" என்றார் மேலாளர்.



"மூணாவது ஆலை வெல்டர் சார்," சம்பளப் பிரிவுக்காரர் முந்திக்கொண்டார். "தினமும் லீவு எத்தனை மிச்சம்னு கேக்குறார். வேற யார் எடுத்தாலும் வெச்சிடறார். இந்த வயசுல இப்படி ஒரு சபலம்! இதுவும் இடம் கொடுக்குது."

"கம்ப்யூட்டர்லதான் கணக்கு பளிச்சுன்னு நிக்குதே. அதை எதுக்கு மாசம் மாசமா எண்ணிச் சொல்றே?" என்று மேலாளர் அவளிடம் கேட்டார்.



போன் அடித்தது. சம்பளப் பிரிவுக்காரர் எட்டி எண்ணைப் பார்த்தார். "நூறு ஆயுசு! அவரேதான்."

மேலாளர் ஸ்பீக்கரை அழுத்தினார். "சட்டுனு முடி. இல்லேன்னா இந்த நம்பரையே தடுத்துடுவேன்."

"வணக்கம், விடுப்புப் பிரிவு."

மறுமுனையில் இருமல். "லீவு எத்தனை இருக்கும்மா?"

"பதினொண்ணு சார்."



"இன்னைக்கு எண்ணிச் சொல்லலையா?"

"நேரமில்ல சார்."

"சரி... வெக்கட்டுமா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவரே மறுபடி பேசினார்.

"இரும்மா. அதுல ஒரு நாள் எழுதிக்கோ. நாளைக்கே."

"காரணம் சொல்லணும் சார்."

"இங்க ஆபீஸை மூடி என் பொண்ணை அங்க மாத்தினப்போ, போனா இந்த வாசப்படி மிதிக்காதேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். ரோஷக்காரி, மிதிக்கவே இல்ல. அவ என்னைக் கொண்டு பிறந்தவ. அதான், நானே புறப்பட்டு வர்றேன்."

சம்பளப் பிரிவுக்காரர் தரையைப் பார்த்தார். ஸ்பீக்கரை அணைக்க நீண்ட மேலாளரின் கை பாதியில் நின்றது.

அவள் விசைகளைத் தட்டினாள். ஒரு தடவை தப்பாகி, திரும்பவும் தட்டினாள்.

"பதிஞ்சாச்சுப்பா," என்றாள். "மீதி பத்து."