ஓடாமல் இருக்க ஒரு விலை

"குதிரைக்குக் கால் நாலே நாலுதான், நோரீன். ஒண்ணு போனாலும் போச்சு," என்றபடி மலாக்கி கையுறைகளைக் கழற்றி அடுக்களை மேசையில் வைத்தான். வாசலில் அவனுடைய வண்டிக்குள் தடியர்கள் இருவர் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார்கள்.

அயர்லாந்தின் டிப்பரரியில் பந்தயக் கடை நடத்துபவன் மலாக்கி. மார்ச் மாதப் பெரிய பந்தயத்தில் எவை ஓடும் என்று முடிவாகும் முன்பே, அக்டோபரிலேயே, நோரீனின் குதிரை 'கார்னி கிங்' மேல் ஊரே அவனிடம் பணம் கட்டிவிட்டது. ஒரு யூரோவுக்கு அறுபத்தாறு! ஜெயித்தால் மலாக்கி தெருவில் நிற்க வேண்டியதுதான். ஓடாமலே போனால் கட்டிய பணம் அத்தனையும் அவனுக்கு. யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை.

நோரீனின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. பயந்துவிட்டாள் என்று மலாக்கி எடை போட்டான்.

"மிரட்டவா வந்தே?"

"சேச்சே! விலை பேச வந்தேன். உடம்பு சரியில்லைன்னு சொல்லிப் பேரை எடுத்துடு. இருபதாயிரம் யூரோ."

"இருபதா? அது அதோட ஓட்ஸுக்கே பத்தாது. பேங்க்காரன் இந்த வீட்டை இன்னும் எடுக்காம இருக்கிறதே அந்தக் குதிரை ஓடப்போகுதுன்னுதான்."

"நாப்பது."

"அறுபது. பாதி இப்பவே."

மலாக்கி பல்லைக் கடித்தான். "முதல்ல குதிரையைப் பாக்கணும்."

பின்கதவு திறந்தது. நோரீனின் தம்பி ஃபின்டன் முழங்கால் வரை ஈரக் களிமண்ணோடு உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் கை கழுவப் போனான்.

"தாராளமா வா, காட்டுறேன்," என்று நோரீன் எழுந்தாள். "ஆனா நீ லாயத்துக்குள்ள போறதை எதிர்வீட்டு பிரீடி பாத்துட்டா? அப்புறம் குதிரை ஓடலைன்னா, பணம் கட்டின சனம் யார் கடையைக் கொளுத்தும்?"

எழுந்த மலாக்கி மறுபடி உட்கார்ந்தான். கோட்டுக்குள்ளிருந்து தடித்த உறை ஒன்று மேசைக்கு வந்தது.

"மீதி வியாழக்கிழமை, பேரை எடுத்த சேதி வந்ததும். ஏமாத்தினே..." வாக்கியத்தை முடிக்காமல், வண்டியிலிருந்த தடியர்களை ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் ஃபின்டன் கேட்டான். "அக்கா, இனிமே ஊருக்குச் சொல்லிடலாமா?"

"மூச்சு விடாதே. வியாழக்கிழமை வரைக்கும் குதிரை உயிரோடவே இருக்கட்டும்."